இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது உடுத்த ஏற்றவை: பெல்ட், பேன்ட், சட்டை, குர்தா ஒரு மதிப்பீடு

முதல் கைத்துப்பாக்கி வாங்கியவர் அடுத்து வாங்குவது பெரும்பாலும் இரண்டு அளவு பெரிய சட்டை. தோள் தொங்கும், கை நீளும். ஆனாலும் குனிந்த மாத்திரத்தில் கைப்பிடியின் மூலை துணியை முட்டிக்கொண்டு நிற்கும். சட்டை போதவில்லை என்று இன்னொன்று வாங்குவார். இடுப்பில் துப்பாக்கி ஆடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் உண்மையான கோளாறு. ஆடுகிற பொருளை எந்தத் துணியும் மறைக்காது. அதனால் இங்கே பெல்ட் முதலிலும் சட்டை பிறகும் வருகின்றன. செலவையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

இது டெக்சாஸின் வெயிலையும் சட்டத்தையும் வைத்து எழுதியது. 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே உரிமம் எடுக்காமலே அதை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில குறுகிய விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்ந்தாலும் இந்தத் தடை தளராது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்றவர்களுக்கு.

துணிமேல் துப்பாக்கியின் அச்சு விழுவது எதனால் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குழல் பேன்டுக்குள் போய்விடும். பெல்ட்டுக்கு மேலே நிற்கிற கைப்பிடிதான் காட்டிக்கொடுக்கும். பலரும் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி மாடல்களில், கைப்பிடியையும் சேர்த்து கிளாக் 19-இன் உயரம் 128 மி.மீ., கிளாக் 26-இன் உயரம் 106 மி.மீ. அந்த இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலே மெல்லிய டி-ஷர்ட்கூடப் போதும் என்ற நிலை பலருக்கு வந்துவிடும். மாறாக, குழல் சற்று நீளமாக இருந்தால் நன்மைதான். முன்பக்கம் வைப்பவர்களுக்கு அதன் கீழ்முனை அடிவயிற்றுக்குக் கீழே அழுந்தி, மேலே இருக்கும் கைப்பிடியை உடம்போடு ஒட்டவைக்கும். குட்டைத் துப்பாக்கியில் எடை முழுவதும் மேல்பக்கம் என்பதால் அது வெளியே சாயப் பார்க்கும்.

இப்போது பெல்ட். 15 தோட்டா நிரப்பிய கிளாக் 19 சுமார் 850 கிராம் இருக்கும். ஆபீசுக்குப் போடும் சாதாரண பெல்ட்டில் அதை மாட்டினால் பெல்ட் முறுக்கிக்கொள்ளும், ஹோல்ஸ்டர் என்னும் துப்பாக்கி உறை சாயும், பேன்ட் ஒரு பக்கம் இறங்கும். கடையிலேயே சோதிக்கலாம். பெல்ட்டை ஒரு சாண் இடைவெளி விட்டு இரு கையாலும் பிடித்து, ஈரத்துண்டைப் பிழிவதுபோல முறுக்குங்கள். எளிதாக முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். அகலம் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம் வேண்டும். பெரும்பாலான ஹோல்ஸ்டர் கிளிப்புகள் அந்த அகலத்துக்கே செய்யப்படுகின்றன. 32 மி.மீ. பெல்ட்டில் அதே கிளிப் தொளதொளவென்று நிற்கும். துப்பாக்கியை உருவும்போது ஹோல்ஸ்டரும் மேலே ஏறும்.

இரட்டைத் தோல் தைத்த பெல்ட் அழகானது, வருடக்கணக்கில் உழைக்கும். குறை அதன் துளைகளில் இருக்கிறது. ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் சுமார் 25 மி.மீ. இடைவெளி. இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு துளை இறுக்கம், அடுத்தது தளர்ச்சி என்று நாள் முழுக்க அவதிதான். பூட்டுப்பல் பெல்ட், கடைக்காரர்கள் ராட்செட் பெல்ட் என்பது, ஏறத்தாழ 6 மி.மீ. படிகளில் நகரும். சாப்பிட்டு உட்கார்ந்ததும் இரண்டு பல் தளர்த்தலாம், எழுந்ததும் இறுக்கலாம். உள்ளே பிளாஸ்டிக் தகடு வைத்த 38 மி.மீ. ராட்செட் பெல்ட்டே பெரும்பாலானோருக்கு எங்கள் முதல் பரிந்துரை. அதிலும் கவனம் வேண்டும். வாங்கியதும் நீளத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஹோல்ஸ்டரோடு அளந்து, முதலில் ஒரு அங்குலம் கூடுதலாகவே விட்டு வெட்டுங்கள். வெட்டிய நுனியைப் பிடிக்கும் சிறு திருகுகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை இறுக்குங்கள். அது தளர்ந்தால் பக்கிள் தனியாகக் கழன்று வரும்.

தடித்த நைலான் பட்டையும் பெரிய உலோகப் பக்கிளும் கொண்டவை பயிற்சி மைதானத்துக்குப் பொருந்தும். அன்றாட உடைக்குள் அந்தப் பக்கிளே புடைத்துத் தெரியும். பேன்ட் லூப்பில் நுழையவும் மறுக்கும். எஃகுத் தகடு வைத்தவை 3 மணி இடத்துக்கு, அதாவது வலது இடுப்பெலும்புப் பக்கம் வைப்பவர்களுக்கு, சரியாக இருக்கும். தொப்புளுக்கு வலப்பக்கத்தில் 1 மணி இடத்தில் வைப்பவர்களுக்கு அவ்வளவு விறைப்பு ஆகாது. பெல்ட் வயிற்றைச் சுற்றி வளைந்து வந்தால்தான் துப்பாக்கி உள்ளே அழுந்தும். அவர்கள் பக்கிளையும் நடுவில் விடாமல் இடப்பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பக்கிளும் துப்பாக்கியும் அடுக்கடுக்காகப் புடைக்கும்.

ஹோல்ஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில், அந்தத் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்ததாக, ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிகர் கார்டை முழுதும் மூடுவதாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கி பெல்ட்டின் உட்புறத்தை உந்தி, கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பும். அடியில் ஒட்டும் ஸ்பாஞ்ச் ஆப்பு குழல் முனையை வெளியே தள்ளி, மேல்பகுதியை உள்ளே சாய்க்கும். இவை இரண்டும் செய்கிற மறைப்பை எந்தப் பெரிய சட்டையும் செய்யாது. துணியாலான தொளதொளப்பான பொது அளவு ஹோல்ஸ்டரை வாங்கவே வேண்டாம். துப்பாக்கியை எடுத்ததும் அதன் வாய் மூடிக்கொள்ளும்; திரும்ப வைக்கும்போது அதன் விளிம்பே ட்ரிகரில் மாட்டும்.

பேன்டின் உள்ளே வைக்கும் ஹோல்ஸ்டருக்கு இடுப்பளவில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் கூடுதலாக எடுக்க வேண்டும். லேபிளில் 34 என்று இருப்பதை நம்பாமல் டேப்பால் அளந்து பாருங்கள். பல பிராண்டுகளில் லேபிளைவிட உண்மை அளவு பெரிதாகவே இருக்கும். சிலருக்கு அளவை மாற்றவே தேவையிருக்காது. 2 சதவீத எலாஸ்டேன் கலந்த பருத்தி ஜீன்ஸும் சினோஸும் உட்காரும்போது இடம் கொடுக்கும். அதற்கு மேல் நீட்சி உள்ள துணியில் இடுப்புப் பட்டை நாளடைவில் தொய்ந்துபோகும். தொப்புளுக்கு வெகு கீழே நிற்கும் லோ ரைஸ் பேன்டைத் தவிருங்கள். அதில் துப்பாக்கியும் கீழே இறங்கும். உட்கார்ந்தால் குழல் முனை தொடை மடிப்பில் குத்தும். லூப் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கிளிப் வர வேண்டிய இடத்தில் லூப் தைத்திருந்தால் ஹோல்ஸ்டரை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்த வேண்டிவரும், அந்த இரண்டு சென்டிமீட்டர் எலும்பின்மேல் போய் நிற்கும்.

இன்னொரு சங்கடம் இந்தக் கூடுதல் அளவாலேயே வரும். அங்கேயே அருந்தும் மதுவின் விற்பனையில் 51 சதவீதமோ அதற்கு மேலோ வருமானம் வரும் இடங்களுக்குள் டெக்சாஸில் துப்பாக்கியோடு போகக் கூடாது. சிவப்பில் 51% என்ற பலகை வைத்திருப்பார்கள். துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு காரில் பூட்டிவிட்டு இறங்கினால் இரண்டு அங்குலம் பெரிய பேன்ட் இடுப்பில் நிற்காது. ராட்செட் பெல்ட்டைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம். ஒட்டுமொத்தமாகச் சுருக்கி மாட்டிக்கொள்ளலாம்.

சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது அடி ஓரம். பேன்டுக்குள் செருகுவதற்கென்று தைத்த சட்டைகளின் ஓரம் முன்னும் பின்னும் இறங்கி, இரு பக்கமும் வளைந்து மேலேறும். வெளியே விட்டுப் போட்டால் மேலேறிய அந்த வளைவு சரியாக 3 மணி இடத்தில் வரும், ஹோல்ஸ்டர் கிளிப் எட்டிப்பார்க்கும். நேர் ஓரம் உள்ள சட்டையைத் தேடுங்கள். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் பரவலாக அணியும் குவாயாபேரா சட்டை இந்த வேலைக்கே பிறந்ததுபோல இருக்கும். நேர் ஓரம், வெளியே விட்டு அணியும் மரபு, முன்புறம் மேலிருந்து கீழே ஓடும் மடிப்புகள் என்று எல்லாம் பொருந்தும். மடிப்பு நிழலில் புடைப்பு கரைந்துவிடும். பக்கவாட்டுப் பிளவு பெல்ட்டுக்குக் கீழேயே முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

துணியும் நிறமும் அடுத்தவை. ஆக்ஸ்ஃபோர்டு பருத்தி, லினன், சுருக்கம் விழுந்த சீர்சக்கர் ஆகியவை தாமாகவே விலகி நிற்கும். விளையாட்டுக்குப் போடும் வழவழப்பான பாலியெஸ்டர் டி-ஷர்ட் உடம்பிலும் கைப்பிடியிலும் ஒட்டிக்கொள்ளும். வியர்த்தால் இன்னும் மோசம். வெளிர் நிற ஒற்றை வண்ணத்தில் நிழல் பளிச்சென்று விழும். சின்னக் கட்டம், பூப்போட்ட ஹவாய்ச் சட்டை, அடர்நீலம் எல்லாம் பார்வையைச் சிதறடிக்கும். நீளவாக்கில் போகும் கோடு அவ்வளவு உதவாது. கைப்பிடி இருக்கும் இடத்தில் கோடு வளைந்து நிற்கும், கண் நேராக அங்கேதான் போகும்.

அளவைத் தோளுக்குப் பொருத்தி எடுங்கள். இன்னும் இறக்கம் வேண்டுமென்றால் அடுத்த அளவுக்குப் போகாமல் அதே அளவில் டால் (Tall) என்று போட்டதை எடுத்தால், அகலம் அதிகமாகாமல் நீளம் மட்டும் கூடும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாலும் பெல்ட் தெரியக் கூடாது. தேவைக்குப் போதுமான இறக்கம் அவ்வளவே. தொடை வரை தொங்கினால் உருவும்போது துணி கையில் சுருண்டு மாட்டும்.

பை நிறைய வைத்த காக்கி வேஷ்டு, துப்பாக்கிக் கம்பெனி முத்திரை போட்ட டி-ஷர்ட், மரப்பட்டை நிறத் தொப்பி என்று உடுத்துவதை அடியோடு விடுங்கள். துணி புடைக்காவிட்டாலும் அந்த உடையே சொல்லிவிடும்.

உள்ளே ஒரு பனியன் கட்டாயம். 38 டிகிரி வெயிலில் வியர்வை உப்பு திருகுகளையும் தோட்டா அடுக்கும் மேகசினின் தகட்டையும் துருப்பிடிக்கச் செய்யும். பனியனை பேன்டுக்குள் இறுக்கமாகச் செருகி, ஹோல்ஸ்டர் அதன்மேல் நிற்க வேண்டும். நீளமான பனியனாகப் பார்த்து வாங்குங்கள். குட்டையானது வெளியே வந்து ஹோல்ஸ்டரின் வாய்க்குள் மடிந்து விழும், திரும்ப வைக்கும்போது ட்ரிகர் பக்கம் துணி புகும்.

இதைவிடக் கொடிய ஆபத்து ஜாக்கெட்டில் இருக்கிறது. இடுப்பு ஓரத்தில் நாடாவும் அதன் நுனியில் பிளாஸ்டிக் உருண்டையும் வைத்த மழைக்கோட்டுகளில், அந்த உருண்டை ட்ரிகர் கார்டுக்குள் புகுந்து, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது ட்ரிகரை அழுத்திவிடும். காலில் குண்டு பாய இது போதும். அந்த நாடாவை உருவி எறியுங்கள், அல்லது உள்ளே தைத்துவிடுங்கள். எந்த உடையானாலும் திரும்ப வைக்கும்போது துணியை மார்பு வரை தூக்கிப் பிடித்து, ஹோல்ஸ்டரைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். வெளியே எடுக்கத்தான் வேகம் தேவைப்படலாம், உள்ளே வைக்க ஒருபோதும் தேவையில்லை.

பேன்ட் பாக்கெட்டில் வைக்க ஐந்து தோட்டா ரிவால்வரான ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 பொருந்தும். காலியாக 408 கிராம்தான். சாய்ந்த வாய் பாக்கெட் உள்ள சினோஸ் வேண்டும், ஜீன்ஸ் பாக்கெட்டில் கை மாட்டிக்கொள்ளும். பாக்கெட் ஹோல்ஸ்டர் இல்லாமல் வைக்கவே கூடாது. அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது.

பண்டிகை, கல்யாண உடைக்கு வருவோம். குர்தா நல்ல மறைப்பு, ஆனால் அதன் பக்கவாட்டுப் பிளவு இடுப்பு வரை ஏறும். சம்மணமிட்டு உட்கார்ந்தால் 3 மணி இடம் திறந்துவிடும். பிளவு தாழ்ந்த குட்டைக் குர்தாவும் அடியில் பெல்ட் போட்ட பேன்டும் சேர்ந்தால் சரிவரும். நாடா கட்டும் பைஜாமாவும் சல்வாரும் துப்பாக்கியின் எடையைத் தாங்காது. அவற்றுக்கு உடம்போடு தனியாகக் கட்டும் வார்ச்சட்டம் தேவை. ஃபில்ஸ்டர் நிறுவனத்தின் எனிக்மா அத்தகையது. கெட்டியான தட்டில் ஹோல்ஸ்டரைத் திருகி, மெல்லிய வாரால் இடுப்பில் கட்டுவது. பேன்டையோ பெல்ட்டையோ நம்பியிருக்காது. வாரைச் சரிசெய்யச் சில நாள் பிடிக்கும், ஆனால் பெண்கள் உடைக்கு இதைவிட நல்ல தீர்வு எங்கள் பார்வையில் இல்லை. எலாஸ்டிக் வயிற்றுப்பட்டை மலிவு. அதிலேயே கெட்டி ஹோல்ஸ்டர் சேர்ந்திருந்தால் ஒழிய வாங்க வேண்டாம். சேலை, வேட்டிக்கு எதுவும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. கொசுவத்தைத் தாண்டிக் கையை விடுவது மெதுவானது, ஆபத்தானது. கைப்பையில் வைத்தால் பை நாற்காலியில் தொங்கும், குழந்தை கை வைக்கும். அன்றைக்குத் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போவதே சரி.

வாங்கும் உடையைக் கடையின் உடை மாற்றும் அறையில் துப்பாக்கியோடு போட்டுப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு எடுத்துவந்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல், வீட்டில் சோதியுங்கள். பயிற்சிக்கு விற்கும் நீலப் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேல் தட்டில் இருப்பதை எட்டி எடுங்கள், ஷூ நாடா கட்டுங்கள், முதுகில் கம்பி இடைவெளி உள்ள நாற்காலியில் உட்காருங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போட்டு இறங்குங்கள். குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இடுப்பை வளைத்தால் நல்ல சட்டையிலும் அச்சு விழும். பக்கவாட்டிலிருந்து வீட்டில் ஒருவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நேரே நின்று பார்க்கும் கண்ணாடியில் 4 மணிப் பக்கம், அதாவது வலது இடுப்பின் பின்பக்கம், தெரியாது.