குளிர்ந்துகொண்டிருந்த ஃபிரிட்ஜுக்குக் கேஸ் நிரப்பியதாகச் சொல்லி 3,900 ரூபாய் பறித்தார்கள் – எச்சரிக்கை

கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தால் வீட்டுச் சாதனங்களைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் 4,599 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். அதில் 699 ரூபாய் ஃபிரிட்ஜைக் கழுவித் துடைப்பதற்கான கட்டணம். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மீதி 3,900 ரூபாய், ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் கேஸுக்கு, அதுவும் நிரப்பப்படவே இல்லாத கேஸுக்கு, வாங்கப்பட்ட விலை.

எங்களுடையது ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையை, அதாவது உறைபனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த டபுள் டோர் ஃபிரிட்ஜ். கொஞ்ச நாளாகவே காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. ஃபிரீசரின் தரையில் ஐஸ் தகடாகப் படிந்திருந்தது. குளிர்ச்சியில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. ஐஸ் கட்டிகள் கெட்டியாக உறைந்தன, சென்னையின் இந்த வெயிலிலும் இட்லி மாவு பொங்கி வழியவில்லை. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்று முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தரையில் பழைய போர்வையை விரித்து, கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தபோது, சில்லென்றிருக்கும் கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விடும் என்று தடுத்து, தட்டுகள் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். கதவு ரப்பரின் மடிப்புகளில் கறுப்பாகப் படிந்திருந்த பூஞ்சையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்து எடுத்தார். இவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

அதன் பிறகுதான் ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கும்மா. உங்க பையன் மாதிரி சொல்றேன், இப்படியே விட்டா கம்ப்ரசர் போயிடும்" என்றார். தண்ணீர் தேங்குவதற்கும் அதுதான் காரணம் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் செயலியில் கூடுதல் பணிக்கு ஒப்புதல் கொடுத்தேன். இது தீப்பற்றும் கேஸ் என்பதால் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிச் சமையலறைக் கதவையும் சாத்திக்கொண்டார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டதாக வெளியே வந்தார்.

அந்த வாரமே தண்ணீர் மறுபடியும் தேங்கியது. ஆளை அழைத்தால் எடுக்கவில்லை. நிறுவனத்தின் உதவி மையத்தில் பேசியவர், செய்த பணிக்கு 30 நாள் உத்தரவாதம் உண்டு, ஆனால் அது கேஸுக்குத்தான் பொருந்தும், தண்ணீர் கசிவு வேறு பழுது என்று கூசாமல் சொன்னார். அந்தக் கசிவுக்காகத்தானே கேஸ் நிரப்பச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, பணியாளர் தங்கள் ஊழியர் அல்லர், தனிப்பட்ட சேவையாளர் என்று பதில் வந்தது. எழுத்தில் அனுப்பிய புகாருக்கு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியும், அடுத்த முறை சுத்தம் செய்ய 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பனும் வந்தன. 4,599 ரூபாய் போன இடத்தில் 200 ரூபாய்க் கூப்பன்!

கடைசியில் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கை அழைத்தேன். அவர் முதலில் கம்ப்ரசரைத்தான் பார்த்தார். கேஸ் ஏற்றுவதற்கென்று அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய செம்புக் குழாயின் முனை, தொழிற்சாலையில் நசுக்கி அடைத்தபடியே, மேலே படிந்த தூசிகூடக் கலையாமல் இருந்தது. அதை வெட்டாமலும் துளைக்காமலும் கேஸ் எந்த வழியாக உள்ளே போகும் என்று அவர் என்னைக் கேட்டார். எங்கள் ஃபிரிட்ஜில் இருப்பது ஆர்600ஏ என்னும் ஐசோபியூட்டேன். சில பத்து கிராம்தான் இருக்கும். அதை நிரப்புவதென்றால், வேக்குவம் பம்ப் ஓட்டிக் குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, துல்லியமான தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். செயலி வழியாக வந்தவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது ஒரு பைதான்.

உண்மையான பழுது அற்பமானது. ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் உறைபனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டில் ஆவியாகிவிடும். குழாயின் அடிமுனையில் இருந்த ரப்பர் மூக்கை மெக்கானிக் விரலால் பிதுக்கியபோது, தூசியும் பாசியும் கலந்த கறுப்புக் கூழ் வந்தது. ஃபிரீசரின் பின்பலகையைக் கழற்றி, உறைந்திருந்த துளையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றினார். தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவர் வாங்கியது 350 ரூபாய்.

வேலையாட்களை அழைப்பவர்கள் விரிவாகக் கவனிக்க வேண்டியவற்றை எழுத நினைத்தேன். இப்போதைய மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. கேஸ் என்பது ஓடித் தீர்ந்துபோகிற பொருள் அன்று. குழாயில் ஓட்டை இருந்தால்தான் குறையும். எனவே ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிரும்போது கேஸ் பேச்சை எடுப்பவரை உடனே வெளியே அனுப்புங்கள். உண்மையிலேயே நிரப்ப வேண்டியிருந்தால் ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், கம்ப்ரசர்க் குழாயை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொள்ள அனுமதிக்காதீர்கள். ஐஸைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்த யாரையும் விடாதீர்கள், குழாயில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் ரசீதையும், தூசி படிந்த அந்தக் குழாயின் படத்தையும் இணைத்து அங்கே புகார் பதிந்திருக்கிறேன். 4,599 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பி வரவில்லை.