ஆன்ஷியா, வூயியா? இரண்டு ஊலாங், இரண்டு ருசி

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் தென்பகுதியில் ஆன்ஷி; அங்கே விளைவது தியெகுவான்யின் தேநீர். அதே மாகாணத்தின் வடக்கே வூயி மலை. அங்கே பாறைத் தேநீர். இரண்டும் ஊலாங்தான், அதாவது இலையை ஓரளவு மட்டும் ஆக்சிஜனேற்றிய தேநீர். ஆனால் ஒன்றைப் போடும் முறையில் மற்றதைப் போட்டால் ருசி கெட்டுவிடும்.

தியெகுவான்யினைத் துணியில் கட்டி, திரும்பத் திரும்ப உருட்டி இறுக்குவார்கள். சிறு உருண்டைகளாக வரும். வூயி இலை முறுக்கிய நீளக் கீற்று. 110 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில் 7 கிராம் உருண்டை அடியை மட்டும் மறைக்கும், அதே இலையில் திரும்ப வெந்நீர் ஊற்ற ஊற்ற மூன்றாம் ஊறலுக்குள் விரிந்து நிரப்பிவிடும். 8 கிராம் கீற்றோ தொடக்கத்திலேயே விளிம்பை எட்டும்.

தண்ணீர் இரண்டுக்கும் தளதளவெனக் கொதிக்க வேண்டும். உருண்டையை 5 விநாடி அலசிக் கொட்டிவிட்டு, முதல் ஊறலுக்கு 25 விநாடி கொடுங்கள்; இலை திறந்துகொள்வதால் இரண்டாவதற்கு 15 போதும். கீற்று உடனே சாறு இறக்கும். முதல் மூன்று ஊறலும் 8 முதல் 10 விநாடி, பிறகு ஐந்தைந்தாகக் கூட்டலாம். அரை நிமிடம் விட்டால் கசந்துபோகும். எதுவானாலும் கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். அடியில் தங்கும் சாறு அடுத்த ஊறலைக் கெடுக்கும்.

தியெகுவான்யினின் பெருமை மணம். வடித்ததும் மூடியின் உட்புறத்தை முகர்ந்தால் பூ மணம் எழ வேண்டும். பச்சைப் புல் வாடை தூக்கலாக இருந்தால் இலை சரியாக வாடவில்லை, ஆக்சிஜனேற்றமும் போதவில்லை. பாறைத் தேநீரை மூடியை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. விழுங்கிய பின் தொண்டையில் என்ன நிற்கிறது என்று கவனியுங்கள்: கனிமம் போன்ற ஒரு கனம், மெல்ல ஊறி வரும் இனிப்பு. வெறும் கரி வாடைதான் நிற்கிறதென்றால் ஊறிய இலையை விரித்துப் பாருங்கள். கறுத்து, விறைத்து, விரியாமல் கிடந்தால் அனலில் வாட்டும்போதே கருக்கிவிட்டார்கள்.

பாறைத் தேநீர்களில் பேர்போன தா ஹோங் பாவ் என்ற பெயருக்காக மட்டும் காசைக் கொட்ட வேண்டாம். அதன் ஆறு தாய்ச்செடிகளில் 2006 முதல் இலை பறிப்பதில்லை. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பல ரகங்களின் கலவை. கலவை மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் சுவை பழக வேண்டுமானால் ஒற்றை ரகமே நல்லது: இலவங்கப்பட்டைக் காரம் தெரியும் ரௌ குய், அல்லது வழவழப்பான ஷுயி ஷியான்.

புது ரகத்தைச் சோதிக்க, சீனத் தேநீர் மதிப்பீட்டில் உள்ளபடி 5 கிராம் இலைக்கு 110 மில்லி வெந்நீர் ஊற்றி, மூன்று ஊறலை முறையே 2, 3, 5 நிமிடம் விடுங்கள். குடிக்கக் கடுமையாகத்தான் இருக்கும். குறைகள் ஒளிய இடமிருக்காது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நடுத்தரமாக வாட்டிய ஷுயி ஷியானையே சொல்வோம். லேசாக வாட்டிய பச்சைத் தியெகுவான்யினைக் காற்றுப்புகாத பொட்டலமாகக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், பிரித்ததைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். பாறைத் தேநீருக்கு ஈரம் புகாத டப்பா போதும். வாட்டிய புதிதில் நெருப்பு வாடை தூக்கலாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் மூடி வைத்துவிட்டுத் திறங்கள்.