பழைய வீட்டுப் பர்மாத் தேக்கு என்று விற்கப்பட்ட மரம்: காரைக்குடிப் பக்கம் மரம் வாங்குவோர் கவனத்துக்கு

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு எழுதுமேசை ஒன்றை வீட்டிலேயே என் கையால் செய்து தர விரும்பி, கடந்த மாசி மாதத்தில் காரைக்குடியை அடுத்த ஒரு மரவாடியில் மரம் வாங்கினேன். அங்கே நான் ஏமாற்றப்பட்ட விதத்தை, அதே எண்ணத்தோடு இனி மரம் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐந்து பலகைகள், நான்கு கால்கள், சட்டங்கள் ஆகியவற்றை இழைத்து வழவழப்பாக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். "பக்கத்து ஊர்ல வளவு பிரிச்ச மரம்ணே, உத்தரத்தை அறுத்தது" என்றார் கடைக்காரர். வளவு என்னும் பழைய பெரிய வீட்டைப் பிரித்த மரம் என்றால் நம் பகுதியில் யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. நகரத்தார் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்கில் முகப்புத் தூண்களையும் நிலைகளையும் செய்த வீடுகள், இன்று பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்காகி, பராமரிக்க இயலாமல் பிரிக்கப்படுவதை நாம் கண்ணால் பார்த்து வருகிறோம். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேக்கை உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டதால், நல்ல பர்மா மரம் வேண்டுமென்றால் பழைய வீட்டு மரம்தான் என்று அவர் சொன்னதும் பொருத்தமாகவே பட்டது. கன அடி ரூ.4,500 வீதம் 3.2 கன அடிக்கு ரூ.14,400 கொடுத்தேன். "பலகை, கால், சட்டம்" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டுதான் கிடைத்தது.

கால்களில் சட்டத்தைப் பொருத்துவதற்காக உளியால் துளை எடுத்தபோதுதான் முதல் ஐயம் எழுந்தது. மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்த மரம், கால் அங்குல ஆழத்துக்குள் வெளிறி ஈரமாக இருந்தது. தேக்குக்கு உரிய எண்ணெய்ப் பசையும் தோல் போன்ற வாசனையும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். ஓரத்து மரம் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வேலையைத் தொடர்ந்தேன். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் மேல்பலகைகளுக்கு இடையே விரல்நுனி நுழையுமளவுக்கு இடைவெளி விழுந்தது. ஒரு பலகை முனையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பிளந்தது. ஆடி மாதத்தில் காலடியில் மாவு கொட்டத் தொடங்கியது. எங்கள் தெருவில் குடியிருக்கும் மூத்த ஆசாரி ஒருவர் வந்து, காலின் அடிமுனையை ஒரு விரற்கடை அறுத்துக் காட்டினார். ஆண்டு வளையங்கள் அகலமாக இருந்தன. நடுவில் சிறிதளவு மட்டுமே வைரம் என்னும் முதிர்ந்த உள்மரம், சுற்றிலும் வெள்ளை என்னும் இளமரம். இளந்தேக்கு மரத்தைக் காயவைக்காமல் அறுத்துச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்றார். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியில் துளைக்கும் வண்டு சுலபமாகக் குடியேறிவிடும். நூறாண்டு உத்தரத்தில் நின்ற மரமாக இருந்தால், ஆணித் துளைகளோ கறுத்த மேல்தோலோ எங்காவது ஓரிடத்தில் எஞ்சியிருக்கும் என்பதையும், அவற்றைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டியே இழைத்து வைக்கிறார்கள் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

அளவிலும் மோசடி இருந்தது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகைகளுக்கும் சட்டங்களுக்கும் ஒன்றரை அங்குலக் கணக்கு. மூன்றங்குலக் கால்களுக்கு நான்கங்குலக் கணக்கு. இழைப்பில் பக்கத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) போவது வழக்கம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்தாலும் கால் அங்குலம்தானே ஆகிறது? நான் வீட்டில் அளந்தபோது மொத்த மரமும் இரண்டு கன அடியைச் சற்றே தாண்டியது.

அறுத்த துண்டுடன் கடைக்குப் போனபோது, அது தாங்கள் விற்ற மரமே அல்ல என்றார்கள். துண்டுச்சீட்டில் மரத்தின் பெயரும் இல்லை, கடையின் பெயரும் இல்லை என்பதால் எனக்கு அப்போது பேச்சற்றுப் போயிற்று. பணத்தைவிட, இடிந்துபோன ஒரு குடும்பத்து வீட்டின் பெயரைச் சொல்லிப் பொய்மரத்தை விற்றதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால், கைப்பேசி வழியே பணம் செலுத்திய பதிவையும், அறுத்த துண்டையும், அளவெடுத்த படங்களையும் சேர்த்து மனு எழுதி வருகிறேன்.

மகளின் மேசைக்கு இப்போது வேறு மரம் வந்திருக்கிறது. பிரிக்கப்படுவதை நான் நேரில் நின்று பார்த்த ஒரு வீட்டின் நிலைச்சட்டம் அது. இழைக்காமல், ஆணித் துளைகளோடு, ரசீதில் "பழைய தேக்கு" என்று எழுதி வாங்கி வந்தேன். அறுப்பதற்கு முன் ஆசாரியே நாடா பிடித்து அளந்தார்.