குளிர்காலத்தில் கோசோ தீவா, கிரீட் தீவா?

நவம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக்கடல் தீவுகளில் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு. சும்மா ஓய்வெடுக்கப் போகிறவர் மால்டாவின் கோசோவுக்குப் போகலாமா, கிரீஸின் கிரீட்டுக்கா? இரண்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான், யூரோதான். ஒரு வாரம் என்றால் கோசோ, ஒரு மாதம் என்றால் கிரீட் என்பேன்.

கோசோ வெறும் 67 சதுர கிலோமீட்டர். மால்டாவின் சிர்க்கெவ்வா துறைமுகத்திலிருந்து ஃபெர்ரியில் சுமார் 25 நிமிடம். ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஆங்கிலமும் ஆட்சிமொழி, வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம். கோடையில் காய்ந்து கிடக்கும் வயல்கள் மழைக்குப் பிறகு பச்சையாகிவிடும், நடக்க அருமை. எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகாந்தியா கோயில்களை நெரிசலின்றிப் பார்க்கலாம். ஆனால் பகலில் 15, 16 டிகிரிதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் வீடுகளில் ஈரக்குளிர் எலும்புவரை இறங்கும். ஹீட்டர் உண்டா என்று கேட்ட பிறகே அறை பிடியுங்கள்.

கிரீட் இதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது. கடற்கரை விடுதிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். சமாரியா பள்ளத்தாக்கும் மே வரை மூடல். அதனால் தங்க வேண்டியது ஊருக்குள், குறிப்பாக ஹனியாவில். வெனிசியர் கால துறைமுகம், பின்னால் பனி போர்த்திய வெள்ளை மலைகள், ஆலிவ் அறுவடை, உள்ளூர்க்காரர்களே சாப்பிடும் உணவகங்கள். அப்புறம், தீவின் தலைநகரான ஹெராக்ளியோனுக்குப் பஸ் உண்டு. தென்கரைக் கிராமங்களுக்குக் கார் இல்லாமல் சிரமம்.