வாய் வறட்சியை வைத்து நடக்கும் வியாபாரம்: சிபாப் கருவி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

தூக்கத்தில் மூச்சு தடைப்படாமலிருக்க மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை வாங்கவிருப்பவர்களும், வாங்கிய பிறகு இரவெல்லாம் வாய் காய்ந்து தவிப்பவர்களும், விற்பனையாளரிடம் மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கோயம்புத்தூரில் எனக்குக் கருவி விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனெனில் விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அவர் கையாண்ட முறை அவரோடு நிற்பதாகவும் தெரியவில்லை. வேறு ஊர்களில் கருவி வாங்கிய உறவினர்களும் ஏறத்தாழ இதே கதையைச் சொல்கிறார்கள்.

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் எனக்குக் கடுமையான அளவில் இருப்பதாக ஆய்வில் தெரியவந்தது. மணிக்கு 5 முறைக்குக் குறைவாகத் தடைப்பட்டால் இயல்பு, 30ஐ எட்டினால் கடுமை என்பது கணக்கு. நுரையீரல் மருத்துவர் தம் சீட்டில், 6 முதல் 14 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் காற்றின் அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி, தண்ணீர்க் கலனைச் சூடேற்றிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், நடுத்தர அளவு மூக்கு மாஸ்க் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஆய்வுக்காக வீட்டுக்கு வந்து நெஞ்சிலும் விரலிலும் ஒயர் மாட்டிவிட்டுப் போன இளைஞரே அடுத்த வாரம் கருவியோடும் வந்து நின்றார். பரிசோதனை செய்பவரும் பொருள் விற்பவரும் ஒரே ஆளாக இருப்பது நம் ஊர்களில் இன்று வெகு சாதாரணமாகிவிட்டது. அதில் தவறில்லை என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த விலை 78,000 ரூபாய், எனக்கு மட்டும் 52,000 ரூபாய் என்றார். இந்தத் தள்ளுபடிக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு மத்தியில் மத்திய அரசு, ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தமானி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்து சாதனங்களுக்கு விற்பனை இலாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. அந்தப் பட்டியலில் சிபாப் இல்லை. ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் தொகையைப் பார்த்து, இவ்வளவு குறைத்துத் தருகிறாரே என்று மகிழ்வதற்கு எதுவுமில்லை. பக்கத்துக் கடைகள் இரண்டில் விசாரித்தால் உண்மையான விலை தெரிந்துவிடும்.

ரசீதில் ‘சிபாப் செட்’ என்று ஒற்றை வரி மட்டுமே இருந்தது. மாதிரி எண் இல்லை, வரிசை எண் இல்லை, மாஸ்க்கின் அளவு இல்லை. கருவியின் பக்கவாட்டில் தண்ணீர்க் கலன் பொருந்த வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டப்பட்டிருந்தது. ஹியூமிடிஃபையர் எங்கே என்று கேட்டதற்கு, “நம்ம ஊர் கிளைமேட்டுக்கு அது தேவையே இல்லை சார், குளிர் நாட்டுக்காரங்களுக்குத்தான் அது” என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகவே பதில் அனுப்பினார். மருத்துவர் எழுதிய சீட்டை அவர் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

முதல் இரவிலிருந்தே தொல்லை தொடங்கியது. நள்ளிரவில் விழிக்கும்போது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்கவே ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடித்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிறுநீருக்கு எழ வேண்டும். விடியும்போது உதட்டு ஓரங்கள் வெடித்திருக்கும், தொண்டை கரகரக்கும். “ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான் சார், போகப் போகப் பழகிரும்” என்றார் விற்பனையாளர். பழகவில்லை என்று மறுபடி அழைத்தபோது, தாடையைத் தூக்கிக் கட்டும் பட்டை ஒன்றை 1,200 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். பட்டை கட்டியும் உதடுகளின் இடுக்கு வழியாகக் காற்று பீறிட்டது. அடுத்து, தயாரிப்பாளர் பெயரோ விலையோ இல்லாத ஒரு வாய் ஈரமூட்டும் ஜெல் வந்தது. அதற்கும் அடங்கவில்லை என்றதும், குழாயில் கிருமி சேர்ந்து அதுதான் வாயைக் காயவைக்கிறது என்று சொல்லி, 6,500 ரூபாய்க்கு ஓசோன் சுத்திகரிப்புப் பெட்டி ஒன்றைத் தலையில் கட்டினார்.

ஓசோன் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது பண நஷ்டத்தோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. குழாயில் சேரும் கிருமிக்கும் இரவில் வாய் காய்வதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சிபாப் கருவிகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் ஓசோன், புற ஊதாக் கதிர்ப் பெட்டிகள் எவற்றுக்கும் தாங்கள் அனுமதி வழங்கியதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியிலேயே மக்களை எச்சரித்தது. குழாயிலும் மாஸ்க்கிலும் தங்கிவிடும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. 2021 ஜூன் மாதத்தில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் மூச்சுக் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றபோது, கருவிக்குள் ஒலியை அடக்க வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைவதற்கு ஓசோன் போன்ற அங்கீகாரமற்ற சுத்திகரிப்பு முறைகளும் துணைபோகக்கூடும் என்று அறிவித்தது. மாஸ்க்கையும் குழாயையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். அதற்கு ஆறாயிரம் ரூபாய் தேவையில்லை.

கடைசியில், தாமே தேவையில்லை என்று சொன்ன ஹியூமிடிஃபையர் கலனைத் தனியாக 9,000 ரூபாய்க்குத் தருவதாக அவர் சொன்னபோதுதான் வேறு மருத்துவமனையின் தூக்க ஆய்வுப் பிரிவுக்குக் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை. கருவியின் பின்புறம் இருந்த நினைவக அட்டையை உருவிக் கணினியில் போட்டு, இரவு வாரியாகக் காற்றுக் கசிவைக் காட்டினார். என்னுடைய வகைக் கருவியில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் கசிவு இருந்தால் ஏற்கத்தக்கது. என் கோடு நள்ளிரவுக்குப் பிறகு அந்த எல்லைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் மாஸ்க்கைக் கையில் வாங்கி, சிலிக்கோன் மெத்தையின் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நகக்கண் அளவுக்கு ‘எல்’ என்ற எழுத்து புடைத்திருந்தது. மருத்துவர் எழுதியது நடுத்தர அளவு, எனக்குக் கொடுக்கப்பட்டது பெரிய அளவு. இந்தக் கசிவு விவரம் முதல் நாளிலிருந்தே அந்த அட்டையில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் விற்பனையாளர் அதைப் பார்த்திருக்க முடியும்.

வாய் ஏன் காய்கிறது என்பதை அந்தப் பணியாளரும் பிறகு மருத்துவரும் விளக்கினார்கள். மூக்கு மாஸ்க் போட்டவர் உறக்கத்தில் வாயைத் திறந்துவிட்டால், அழுத்தத்தோடு மூக்குக்குள் நுழையும் காற்று வாய் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக நாம் மூக்கால் மூச்சை விடும்போது, அதிலுள்ள ஈரத்தில் ஒரு பங்கை மூக்கின் உட்சவ்வு திரும்பப் பிடித்துக்கொள்கிறது. காற்று ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் அந்த ஈரம் திரும்பி வராது. சவ்வு உலர்ந்து வீங்கி, மூக்கு மேலும் அடைத்து, வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். வெளியே ஊர் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் இது நடக்கும் என்பதால், கிளைமேட் கதை வெறும் கதைதான். ஏசி அறையில் படுப்பவர்களுக்கு, ஏசியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் நிலைமை இன்னும் மோசம். உமிழ்நீர் வற்றிக் கிடக்கும் வாயில் பல் சொத்தை வேகமாகப் பரவும் என்று பல் மருத்துவரும் எச்சரித்திருக்கிறார். ஆகவே இதைப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு கிடப்பதற்கில்லை.

எனக்கு மூக்கடைப்பும் இருந்தது. ஒவ்வாமைக்காக இரவில் சாப்பிட்டுவந்த செட்டிரிசின் மாத்திரையும் வாயை உலர்த்தக்கூடியது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் அதை நிறுத்தி, கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவவும், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே போடவும் சொன்னார். சரியான அளவு மாஸ்க்கும் ஹியூமிடிஃபையரும் வந்ததும் கசிவு எல்லைக்குள் அடங்கியது, வாயும் தேறியது. சிலருக்கு மூக்கடைப்பு தீராமல் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாயில் டேப் ஒட்டிக்கொள்ளும்படி விற்பனையாளர் ஒருமுறை சொன்னதை நான் செய்யவில்லை. மூக்கு அடைத்திருப்பவரோ, இரவில் வாந்தி எடுக்கக்கூடியவரோ மருத்துவரைக் கேட்காமல் அப்படி வாயை ஒட்டிக்கொள்வது ஆபத்தானது.

ஹியூமிடிஃபையர் கலனில் ஊற்றும் தண்ணீர் விஷயத்திலும் விற்பனையாளர் சொன்னது அபத்தம். கேன் தண்ணீரே போதும், இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் பேட்டரி வாட்டர் வாங்கி ஊற்றுங்கள் என்றார். கேன் தண்ணீரில் உள்ள உப்புகள் கலனின் அடித்தட்டில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கென்று அடைக்கப்படும் நீர் மனிதர் சுவாசிக்கும் காற்றில் கலப்பதற்காகத் தயாரிக்கப்படுவதே அல்ல. மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த நீர் என்று கேட்டு வாங்கி, தினமும் மாற்ற வேண்டும். காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கலனைக் காயவிட வேண்டும்.

சட்டம் வாங்குபவர் பக்கம்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. விற்பவர் மாநில உரிம அதிகாரியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்தச் சான்றைக் காட்டச் சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை. பணம் கொடுக்கும் முன், மாதிரி எண், வரிசை எண், மாஸ்க்கின் அளவு, ஹியூமிடிஃபையர் சேர்ந்ததா இல்லையா என்பதை ரசீதில் தனித்தனி வரியாக எழுத வையுங்கள். கருவியின் தகவல் பக்கத்தில் மொத்தம் ஓடிய நேரத்தையும் பாருங்கள். வாடகைக்கு விட்டுத் திரும்பிய கருவியைப் புதிதென்று விற்பதும் நடக்கிறது. வாய் காய்கிறது என்று சொன்னவுடன் இன்னொரு பொருளை நீட்டுபவரிடம், கசிவு விவரத்தை அச்செடுத்துக் காட்டிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பிய பிறகு, எனக்குக் கருவி விற்றவர் ஹியூமிடிஃபையர் கலனை விலையில்லாமல் கொடுத்தார், ஓசோன் பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டார். மாஸ்க்குக்கும் பட்டைக்கும் பணம் தர மறுக்கிறார். பயன்படுத்திய பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாது என்பது அவருடைய வாதம். சீட்டுக்கு மாறான அளவைக் கொடுத்தவருக்கு அந்த வாதம் பொருந்தாது என்று மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மருத்துவரின் சீட்டும், அந்த ஒற்றை வரி ரசீதும், கிளைமேட்டைப் பற்றிய குரல்பதிவும் ஆவணங்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இணையவழியிலும் பதிவு செய்யலாம். இதேபோல ‘சிபாப் செட்’ என்று மட்டும் எழுதிய ரசீதோடு தண்ணீர்க் கலன் இல்லாத கருவியை வாங்கியவர்களுக்கும், காலக்கெடு முடியவில்லையென்றால், அந்த வழி திறந்தே இருக்கிறது.