சிபிவிசியா, பிபிஆரா: சுவருக்குள் போகும் குழாய்க்கு எது நல்லது?

எங்கள் திருச்சி வீட்டில் துருவேறிப் போன பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புது லைன் இழுப்பது என்று முடிவானதும், சிபிவிசி (குளோரின் கூட்டிய பிவிசி) போடுவதா, பிபிஆர் (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) போடுவதா என்ற விவாதம் எழுந்தது. கடைசியில் சுவருக்குள் முழுக்க சிபிவிசியும், மொட்டைமாடியில் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் யுபிவிசியும் (சாதாரண வெள்ளை பிவிசி குழாய்) போட்டோம். ஆகவே முழு நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்றுமே துருப்பிடிக்காது. உப்புத் தண்ணீருக்கும் அசையாது. விலையில் யுபிவிசிதான் மலிவு. ஆனால் 60 டிகிரிக்கு மேல் அது இளகத் தொடங்கும் என்பதால் வெந்நீருக்கு ஆகாது. காசு மிச்சம் என்று கீசர் லைனுக்கும் அந்த வெள்ளைக் குழாயையே போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிபிவிசியும் பிபிஆரும் வீட்டுக் கீசரின் சூட்டைத் தாங்கக்கூடியவை. எஸ்டிஆர் 11 வகை சிபிவிசி (வெளி விட்டம் குழாய்ச் சுவரின் தடிமனைப் போல 11 மடங்கு இருப்பது) 82 டிகிரியிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ அழுத்தம் தாங்கும். நம் மேல்நிலைத் தொட்டி தரும் அழுத்தம் இதில் ஒரு சிறு பங்குதான்.

சூட்டிலும் அழுத்தத்திலும் தீர்ப்பு கிடைக்காதபோது இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் லைனில் நீளமான குழாய் தானாக வெடிப்பது அபூர்வம். ஒழுகுவது குழாய் திரும்பும் எல்போவில், கிளை பிரியும் டீயில், மரை பிடிக்கும் இடத்தில். அமெரிக்காவில் 1978 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் குழாய் போட்டார்கள். தண்ணீரில் இருந்த குளோரின் குழாயையும் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்தது; இணைப்புகள் கீறல் விட்டன; விவகாரம் நீதிமன்றம் வரை போய் பெரும் இழப்பீட்டில் முடிந்தது. குழாயின் பெயரைப் பார்த்து வாங்கும் நாம், எல்போ, டீ போன்ற ஃபிட்டிங்கைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறோம்.

இணைப்பு போடும் நாளில் பிபிஆர்தான் ஒரு படி மேல். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெல்டிங் இயந்திரத்தின் 260 டிகிரிக்குச் சூடேறிய அச்சில் குழாயையும் ஃபிட்டிங்கையும் ஒரே நேரத்தில் செருகி, 25 மில்லிமீட்டர் குழாயென்றால் 7 விநாடி வைத்திருந்து, எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைத் தள்ளினால் இரண்டும் ஒரே உருப்படியாகிவிடும். பசை வேண்டாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். கூடுதலாகச் சூடாக்கி அழுத்தித் தள்ளினால் மட்டும் உள்ளே உருகிய பிளாஸ்டிக் வளையமாகத் திரண்டு துவாரத்தைச் சுருக்கும். பிறகு ஷவரில் தண்ணீர் ஏன் மெல்ல வருகிறது என்று யாருக்கும் விளங்காது.

சிபிவிசியில் வேலை எளிது. அலட்சியத்துக்கும் இடம் அதிகம். ஆக்சா பிளேடால் அறுத்த முனையில் பிசிர் தொங்கும். அதைச் சுரண்டி எடுத்து, துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் பின்னால் நழுவும். போன வருடம் திறந்த டப்பாவில் பசை வெல்லப்பாகு போலக் கம்பி இழுத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சிபிவிசி? சில வருடம் கழித்து, துண்டு தொங்கவிடும் கம்பி மாட்ட யாராவது குளியலறை டைல்ஸில் துளை போடுவார்கள். டிரில் நேராகக் குழாயில் இறங்கும். சிபிவிசி என்றால் அந்த இடத்தில் சுவரைக் கொத்தி, ஓட்டை விழுந்த துண்டை அறுத்தெடுத்து, இரண்டு கப்ளிங், ஒரு சிறு துண்டுக் குழாய், பசை. எல்லாமே தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எந்த பிளம்பருக்கும் கை வரும். பசை காய ஓர் இரவு தண்ணீரை மூடி வைக்க வேண்டியிருக்கும்; அதிலும் மேலே வால்வு சரியாக அடைக்காமல் சொட்டிக்கொண்டிருந்தால் பசை பிடிக்காது. அதனால்தான் ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு வைக்கச் சொன்னேன்.

பிபிஆரில் அதே ஓட்டைக்கு வெல்டிங் இயந்திரம் வர வேண்டும். அதன் அச்சைச் சுவருக்குள் இருக்கும் இரு முனைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். முனைகளை வளைத்து விலக்க இடம் வேண்டும் என்பதால் டைல்ஸ் இன்னும் நாலைந்து கூடுதலாகப் போகும். சிறு ஓட்டையை உருக்கி அடைக்கும் குச்சியும் உண்டு. ஆனால் அதைப் பையில் வைத்திருக்கும் பிளம்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பிளம்பர் உங்கள் தெருவில் இருந்தால் என் வாதம் பாதி அடிபட்டுப் போகும். அங்கே பிபிஆர் சர்வ சாதாரணம். எங்கள் பகுதியில் அப்படி ஒருவர் இல்லை.

மரை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குழாய்த் திருகு பொருத்தும் இடத்துக்குப் பித்தளை மரை வைத்த எல்போதான் வேண்டும். முழு பிளாஸ்டிக் மரை கொண்ட எல்போவில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, ரெஞ்சு போட்டு முறுக்கினால், மயிரிழை போன்ற கீறல் நீளவாக்கில் ஓடும். அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் உப்பும்போது தெரியும். பித்தளை எல்போ பல மடங்கு விலைதான். வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் மொத்தச் செலவில் அது பெரிய தொகையில்லை.

இன்னொரு தொல்லை அளவு. முக்கால் அங்குல சிபிவிசியின் வெளி விட்டம் 22.2 மில்லிமீட்டர், அதே முக்கால் அங்குல யுபிவிசிக்கு 26.7. மாடியிலிருந்து இறங்கும் வெள்ளைக் குழாயில் சிபிவிசியைச் சேர்க்க இதற்கென்றே உள்ள ஃபிட்டிங் வேண்டும். அது கையில் இல்லாத பிளம்பர் குழாய் முனையை நெருப்பில் காட்டி வாயை விரித்துச் செருகப் பார்ப்பார். உடனே தடுத்துவிடுங்கள். வாய் விரிந்த இடத்தில் குழாய்ச் சுவர் மெலிந்துவிடும்.

சிபிவிசியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே ஓட வேண்டியிருந்தால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் அடிக்க வேண்டும். எண்ணெய் கலந்த கரையான் மருந்து, கிரீஸ், மின் வேலைக்கான இன்சுலேஷன் டேப் ஆகியவை அதன்மேல் படக்கூடாது. சூட்டில் நீளுவதில் பிபிஆர் அதைவிட மோசம்: 10 மீட்டர் ஓட்டத்தில் சூடு 40 டிகிரி ஏறினால் சிபிவிசி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளும், சாதாரண பிபிஆர் 6 சென்டிமீட்டர். நடுவில் அலுமினியம் வைத்த பிபிஆரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சூரிய வெந்நீர் எங்கள் வீட்டில் இல்லாததால் அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கோடையில், யாரும் வெந்நீர் எடுக்காத நாளில், அந்தத் தொட்டியில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். அது இருக்கும் வீட்டில் மாடியிலிருந்து இறங்கும் வெந்நீர் லைனுக்கு நான் சிபிவிசி போட மாட்டேன். அலுமினியம் வைத்த பிபிஆரைத்தான் விசாரிப்பேன். கீசர் மட்டும் இருக்கும் வீட்டிலும் தெர்மோஸ்டாட் பழுதானால் இதே கதைதான். கீசர் வாயில் சிபிவிசியை நேராக மாட்டாமல், இடையில் ஓர் உலோக நிப்பிளோ கம்பி பின்னிய ஹோஸோ போடச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் லைனை அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். அதுவும் கடைசி இணைப்பு போட்டு ஒரு முழு நாள் கழித்துத்தான்.