ப்ரீகாபலினா, டுலாக்செடினா, அமிட்ரிப்டிலினா? சுகர் கால் எரிச்சலுக்கு எது யாருக்கு ஒத்துவரும்

பகல் பூரா ஒண்ணும் தெரியாது. ராத்திரி சாப்ட்டு முடிச்சு லைட்டை அணைச்சு படுத்த பிறகுதான் ரெண்டு பாதமும் திகுதிகுன்னு எரிய ஆரம்பிக்கும், போர்வை பட்டாலே சுள்ளுன்னு இருக்கும், எந்திரிச்சு போய் பாத்ரூம் ஈரத்தரையில கால வச்சுக்கிட்டு நின்னாதான் கொஞ்சம் அடங்கும். எனக்கு சுகர் வந்து 13 வருஷம், இந்த எரிச்சல் வந்து 4 வருஷம். எங்க அப்பாவுக்கும் இதே தொந்தரவு, சித்திக்கும் இதேதான். மூணு பேரும் இப்ப மூணு வேற மாத்திரையில நிக்கிறோம். ஒருத்தருக்கு நல்லா கேட்ட மாத்திரை இன்னொருத்தரை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் படுக்க வச்சிருக்கு, அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

மாத்திரைக்கு போறதுக்கு முன்னாடி இது சுகரால வந்த நரம்பு வலிதானான்னு பாத்துக்கணும். சுகர் நரம்பு வலி பெரும்பாலும் ரெண்டு கால்லயும் சேர்ந்து விரல் நுனியில ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மெல்ல மேல ஏறும், சும்மா இருக்கும்போது, அதுவும் ராத்திரியில அதிகமாகும். நடந்தா கெண்டைக்கால் இழுத்து பிடிக்குது, நின்னா விட்டுடுதுன்னா அது ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், அது வேற டாக்டர் வேற வைத்தியம். இடுப்புலேர்ந்து ஒரே கால்ல மட்டும் கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குதுன்னா முதுகுத்தண்டை பாக்கணும். இதுபோக தைராய்டு, கிட்னி, குடி, பி12 குறைவு எல்லாமே நரம்பை கெடுக்கும்.

இதுல பி12 பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், நான் ஏமாந்தது அங்கதான். மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா உடம்பு பி12-ஐ இழுக்கிறது குறைஞ்சு போகும், சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் குறையும். மெட்ஃபார்மின் எடுக்கிறவங்க அப்பப்ப பி12 பாத்துக்கணும்னு அமெரிக்க டயபடீஸ் அசோசியேஷனே சொல்லுது. ஆனா நம்ம ஊர்ல என்ன நடக்குது, கால் மதமதன்னு இருக்குன்னு மெடிக்கல் ஷாப்ல சொன்னதும் ஒரு வைட்டமின் அட்டையை கிழிச்சு குடுத்துடுறாங்க, நாமளும் ரெண்டு மாசம் சாப்பிட்டுட்டு அப்புறம் டெஸ்ட் எடுக்கிறோம், ரிப்போர்ட்ல பி12 ஏகத்துக்கும் இருக்கும். முன்னாடி குறைஞ்சிருந்துச்சான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. அதனால முதல்ல ரத்தம் குடுங்க, அப்புறம் மாத்திரையை ஆரம்பிங்க. ரிப்போர்ட்ல pg/mL கணக்குல 200-க்கு கீழ இருந்தா குறைவு, 200-லேர்ந்து 300 வரைக்கும் சந்தேகம். எனக்கு 160 சொச்சம் இருந்துச்சு. ஊசி போட்ட பிறகு மதமதப்பு நல்லா குறைஞ்சுது, எரிச்சல் மட்டும் போகாம அப்படியே இருந்துச்சு, அதாவது எனக்கு ரெண்டும் கலந்து இருந்திருக்கு. இன்னொண்ணு, அந்த வைட்டமின் அட்டையில பி6 எவ்வளவுன்னு பாருங்க, அது ரொம்ப நாளைக்கு அதிக டோஸ்ல போனா அதுவே நரம்பை கெடுக்கும்.

டெஸ்ட்ல மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் நூல், 10 கிராம் அழுத்தத்துல வளையும், அதை பாதத்துல வச்சு தெரியுதான்னு கேப்பாங்க. ரெண்டு நிமிஷ வேலை, செலவே கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா சுகர்காரங்களுக்கும் பாக்கவேண்டிய டெஸ்ட் இது. கேம்ப்ல அதிர்ற மாதிரி ஒரு மெஷினை கால்ல வைப்பாங்களே அது பயோதீசியோமீட்டர், அதுல 25 வோல்ட்டுக்கு மேல போனா புண் வர்ற ஆபத்து ஜாஸ்தின்னு அர்த்தம். கரண்ட் குடுத்து பாக்கிற நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் பெரிய நரம்பைத்தான் பாக்கும், எரிச்சலை உண்டாக்குற பொடி நரம்பு அதுல தெரியாது. அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும் உங்க வலி பொய்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எங்க சித்தியை அப்படித்தான் ஒரு வருஷம் அலைய விட்டாங்க.

இப்ப மாத்திரை. எது பெஸ்ட்டுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. இங்கிலாந்துல ஆப்ஷன்-டிஎம்னு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2022-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. 130 பேர், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், ப்ரீகாபலின் மூணுல ஒண்ணை முதல்ல குடுத்து, 6 வாரத்துல சரியா அடங்கலைன்னா இன்னொண்ணை கூட சேர்த்து, மொத்தம் 16 வாரம் பாத்தாங்க. இதே ஆட்களையே மூணு வழியிலயும் மாத்தி மாத்தி போக வச்சாங்க. ஆரம்பத்துல பத்துக்கு 6.6 இருந்த வலி கடைசியில 3.3 ஆச்சு, எந்த வழியில போனாலும் அதே 3.3. வித்தியாசம் வலியில இல்ல, கூட வர்ற தொந்தரவுலதான். ப்ரீகாபலின்ல தலைசுத்தல், டுலாக்செடின்ல குமட்டல், அமிட்ரிப்டிலின்ல வாய் காய்ஞ்சு போறது. இதுலேர்ந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கிட்டேன். ஒண்ணு, வலி பாதியா குறைஞ்சாலே அது மருந்து கேட்டுருக்குன்னுதான் அர்த்தம், சுத்தமா போகலைன்னு கோவப்பட்டு டாக்டரை மாத்திக்கிட்டே இருந்தா நமக்குத்தான் நஷ்டம். ரெண்டு, எந்த மாத்திரைங்கிறதை வலியை வச்சு முடிவு பண்ண முடியாது, உங்க உடம்புல வேற என்னென்ன இருக்குங்கிறதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

நம்ம ஊர்ல முதல் சீட்டுல வர்றது ப்ரீகாபலின்தான், பெரும்பாலும் 75 மில்லிகிராம் ப்ரீகாபலினும் 1500 மைக்ரோகிராம் மெத்தில்கோபாலமினும் (அது பி12-தான்) சேர்ந்த கேப்ஸ்யூல். எனக்கும் அதைத்தான் குடுத்தாங்க. நல்ல மருந்து, ஒரு வாரத்துலயே ராத்திரி தூங்கிட்டேன், அது ஒரு வரம் மாதிரி இருந்துச்சு. ஆனா ஆறு மாசத்துல 5 கிலோ ஏறிட்டேன், வெயிட் ஏற சுகரும் ஏறுச்சு, காலையில ஸ்கூட்டர் எடுக்கும்போது தலை லேசா மிதக்குற மாதிரியே இருக்கும். சித்திக்கு அதே கேப்ஸ்யூல் வேற மாதிரி பண்ணுச்சு. அவங்க ஏற்கனவே பயோகிளிட்டசோன்ங்கிற சுகர் மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அதுவும் காலை வீங்க வைக்கும் இதுவும் காலை வீங்க வைக்கும், ரெண்டும் சேர்ந்ததும் கால் ரெண்டும் பொதபொதன்னு வீங்கி கொலுசு போட முடியாம போயிடுச்சு. கிட்னியா ஹார்ட்டான்னு பயந்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம், எல்லாம் நார்மல். கடைசியில இன்னொரு டாக்டர் சீட்டை முழுசா ஒரு தடவை படிச்சுட்டுத்தான் விஷயத்தை சொன்னாங்க. சொல்லப்போனா எங்க மேலயும் தப்பு இருக்கு, சுகருக்கு ஒரு டாக்டர், கால் எரிச்சலுக்கு ஒரு டாக்டர்னு போய் ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர்கிட்ட காட்டாமயே இருந்தோம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அப்பாவுக்கு ப்ரீகாபலின்தான் சரியா வந்துச்சு, அவருக்கு முதல்ல குடுத்தது அமிட்ரிப்டிலின். பழைய மருந்து, விலை குறைவு, ராத்திரி ஒண்ணு போட்டா தூக்கமும் வரும். ஆனா அப்பாவுக்கு 78 வயசு, ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு, அதை நாங்களும் சொல்லல அவங்களும் கேக்கல. மூணாவது நாள் ராத்திரி யூரின் சுத்தமா அடைச்சுக்கிச்சு, வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, எமர்ஜென்சிக்கு ஓடி டியூப் போட்டுத்தான் எடுத்தாங்க. அவர் வலியில கத்துனதை நான் இன்னும் மறக்கல. ப்ராஸ்டேட் தொந்தரவு, ஒருவகை கண் பிரஷர், ஹார்ட் பீட்ல கோளாறு, இதுல எது இருந்தாலும் அமிட்ரிப்டிலினை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடுங்க. அப்பாவுக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் கொஞ்சம் ஜாஸ்தி, ப்ரீகாபலின் கிட்னி வழியாத்தான் வெளிய போகும்ங்கிறதால டோஸை குறைச்சு ராத்திரி 25 மட்டும் குடுக்குறாங்க. பாத்ரூம் போகும்போது தலைசுத்தி விழுந்துடக்கூடாதுன்னு கட்டில் பக்கத்துலயே ஒரு லைட் மாட்டியிருக்கோம். காபாபென்டினும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான், நாளைக்கு மூணு வேளை போடணும், அதைத் தவிர பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

அப்பாவுக்கு ஒத்துக்காத அதே அமிட்ரிப்டிலின்லதான் நான் இப்ப இருக்கேன். இசிஜி எடுத்து பாத்துட்டு 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு இப்ப 25. காலையில நாக்கு ஒட்டிக்கிற மாதிரி இருக்கும், மலச்சிக்கல் உண்டு, ஆனா கீரையும் தண்ணியும் வச்சு சமாளிக்க முடியுது, தலை தெளிவா இருக்கு.

டுலாக்செடின் சித்திக்கு. 30-ல ஆரம்பிச்சு 60. முதல் பத்து நாள் குமட்டல்ல காபி வாசனையே ஆகல, சாப்பாட்டுக்கு அப்புறம் போட ஆரம்பிச்சதும் சரியாச்சு. கால் வீங்கல, தூக்கம் சொக்கல. சித்தப்பா போனதுலேர்ந்து அவங்க யார்கூடவும் சரியா பேசாம இருந்தாங்க, இந்த மாத்திரை அதுக்கும் சேர்த்து கேக்கும்னு டாக்டர் சொல்லித்தான் குடுத்தாங்க, உண்மையிலேயே ரெண்டு மாசத்துல ஆள் மாறிட்டாங்க. கிட்னி ரொம்ப கெட்டுப்போனவங்களுக்கும் லிவர் கோளாறு உள்ளவங்களுக்கும் இது ஆகாது, பிபியை லேசா ஏத்தலாம், யூரின் போறதையும் சிலருக்கு தடுமாற வைக்கும், அதனாலதான் அப்பாவுக்கு இதை யோசிக்கவே இல்ல. வேற வலிக்கு டிரமடால் எடுக்கிறவங்க ரெண்டையும் சேர்த்து போட்டா ஆபத்து, கட்டாயம் சொல்லணும்.

நெட்ல தேடினா அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் ரெண்டுக்கும் முதல்ல வர்றது டிப்ரஷன் மாத்திரைன்னுதான். சித்தியோட மருமகள் அதை படிச்சுட்டு "அத்தைக்கு என்ன மனநோயா"ன்னு கேட்டு ஒரே ரகளை. நரம்புலேர்ந்து மூளைக்கு போற வலியை அடக்குற வேலையையும் இது செய்யும், அமிட்ரிப்டிலினை வலிக்கு குடுக்கிற டோஸ் மனசுக்கு குடுக்கிறதை விட ரொம்ப கம்மி. பயந்து நடுவுல பட்டுன்னு நிறுத்துறதுதான் பெரிய தப்பு, இந்த மூணுல எதையுமே திடீர்னு நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அப்புறம் டைக்ளோஃபெனாக் மாதிரி சாதா வலி மாத்திரை இந்த எரிச்சலுக்கு கேக்கவே கேக்காது, கிட்னியைத்தான் பதம் பாக்கும்.

மாத்திரையே வேண்டாம்னா கேப்சாய்சின் க்ரீம் இருக்கு. மிளகாய்ல இருக்கிற அதே காரம்தான், 0.075 சதவீதம். அந்த காரத்தை நரம்பு எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் குடுத்தாங்க. நாளைக்கு மூணு நாலு தடவை, வாரக்கணக்கா தடவணும், முதல்ல எரிச்சல் கூடத்தான் செய்யும், அப்புறம்தான் அடங்கும். மிளகாய் அரைச்ச கையோட கண்ணை தொட்ட கதைதான், தடவிட்டு கையை சோப்பு போட்டு கழுவணும், வெடிப்பு இருக்கிற கால்ல தடவவே கூடாது. எனக்கு நாலு வேளை தடவுற பொறுமை வரல. கிட்னி கெட்டு மாத்திரை எதுவும் ஒத்துக்காதவங்களுக்கு இது நல்ல வழி.

இந்த மாத்திரை எல்லாம் வலியைத்தான் அடக்குது, கெட்டுப்போன நரம்பை திருப்பி குடுக்கிறது இல்ல. இதை நான் எல்லார்கிட்டயும் அழுத்தி சொல்றேன். சில பேருக்கு எரிச்சல் தானா நின்னுடும், குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா உணர்ச்சியே செத்துப்போய் மரத்துட்டதாலயும் அப்படி ஆகும். அப்பதான் ஆபத்து ஜாஸ்தி. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், 1914-ல நம்ம கொல்லிமலையில பொறந்தவர், 1946-லேர்ந்து வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளை பாத்தவர். விரல் போறது நோய் தின்னு இல்ல, வலி தெரியாம காயம் பட்டுக்கிட்டே இருக்கிறதாலதான்னு எடுத்துக் காட்டினவர். அவங்களுக்காக வேலூர் பக்கம் உருவாக்கின மெத்து ரப்பர் செருப்புதான் இன்னைக்கு சுகர்காரங்க போடுற எம்.சி.ஆர். செருப்பு.

செருப்பு விஷயத்துல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. கடையில சாஃப்ட்டுன்னு விக்கிறது அழுத்தினா அமுங்கி அப்படியே சப்பையாயிடும், எம்.சி.ஆர். அமுங்கி திரும்ப எழும்பும், அடியில கெட்டி சோல் இருக்கிறதால ஆணி ஏறாது. கட்டைவிரல் வளையம் வேண்டாம், பின்னாடி வார் இருக்கணும், மரத்த கால்லேர்ந்து செருப்பு கழண்டா கூட தெரியாது. சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பதான் கால் வீங்கின அளவு தெரியும். சித்திரை வெயில்ல கோயில் பிரகாரத்துல வெறுங்காலோட சுத்தி வந்து பாதம் பொத்துப்போன ஒருத்தரை நானே பாத்திருக்கேன், வீட்டுக்கு வந்து சாக்கடைத் தண்ணி மிதிச்ச பிறகுதான் கொப்புளமே அவருக்கு தெரிஞ்சுது. தடிமனா சாக்ஸ் போட்டுக்கிட்டு போங்க, கிரிவலம் 14 கிலோமீட்டர் நடக்கணும்னா காலையும் பாதத்தையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு போங்க. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சூடு எவ்வளவுன்னு அந்தக் காலுக்கு தெரியாது.

சுகரை குறைக்கிறதுலயும் ரெண்டு வழி இருக்கு, வேகமா, மெதுவா. குறைக்கணும்ங்கிறதுல சந்தேகமே இல்ல, 1993-ல வந்த டி.சி.சி.டி. ஆராய்ச்சியில டைப் 1 ஆளுங்களுக்கு சுகரை இறுக்கி பிடிச்சதுல நரம்பு கோளாறு 60 சதவீதம் குறைஞ்சுது, டைப் 2-ல அந்தளவு பலன் இல்லைன்னாலும் மேல கெடாம நிறுத்த உதவும். ஆனா ரொம்ப நாளா ஏறிக்கிடந்த எச்.பி.ஏ1சி-யை (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) மூணு மாசத்துல 2 பாயிண்டுக்கு மேல தடால்னு இறக்கினா சில பேருக்கு புதுசா கடுமையான எரிச்சல் கிளம்பும். என் கூட வேலை பாக்கிறவர் 12-லேர்ந்து 7-க்கு கொண்டுவந்துட்டு, இன்சுலின்தான் காலை எரிக்குதுன்னு ஊசியையே நிறுத்தப் பாத்தார். நிறுத்தக்கூடாது, அது மாசக்கணக்குல தானா அடங்கும், அதுவரைக்கும் மேல சொன்ன மாத்திரையில ஒத்துவர்ற ஒண்ணை வச்சு ஓட்டணும். அவருக்கு எட்டு மாசம் ஆச்சு, இப்ப ராத்திரி தூங்குறார், ஊசியும் போட்டுக்கிறார்.